டார்க் ரொமான்ஸ் எழுதுகிறீர்களா? வேட்டைக் காட்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துரத்துகிறவன், தப்பி ஓடுகிறவள். ஆபத்தும் காதலும் கலந்த டார்க் ரொமான்ஸ் கதைகளின் ஈர்ப்பே இந்த வேட்டைதான். நம் ஆன்டி ஹீரோ நாவல்களும் இதற்கு நெருங்கிய சொந்தம். நான் விரும்பிப் படிக்கும் வகை இது. அதனாலேயே ஒரு தவறு அதிகம் உறுத்துகிறது.

நாயகி பயத்தில் உறைந்து நிற்பாள். "அவள் தடுக்கவில்லை" என்று எழுதி அதையே சம்மதமாக்கிவிடுவார்கள். கோழியை அமுக்கிப் பிடித்தால் சற்று நேரம் அசையாமல் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். உச்ச பயத்தில் உடல் தானாகச் செய்வது அது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடமும் இந்த உறைநிலை பதிவாகியிருக்கிறது. கத்தக்கூட முடியாமல் போனவளின் மௌனத்தைக் காதல் என்று எழுதினால், அதை அனுபவித்த வாசகிக்கு அந்தப் பக்கம் எப்படி வலிக்கும்! விருப்பம் இருக்கிறதென்றால் செயலில் காட்டுங்கள். கதவு திறந்திருந்தும் அவள் போகாமல் இருக்கட்டும். அவள் "நில்" என்றால் அவன் நிற்கட்டும்.

அழகியும் மிருகமும் கதையின் 1756ஆம் வருட பிரெஞ்சு வடிவத்தில், தன்னை மணப்பாயா என்று மிருகம் இரவுதோறும் கேட்கும். அவள் மறுப்பாள். அது பெருமூச்சு விட்டுப் போய்விடும். பிறகு அப்பா வீட்டுக்கும் போக விடுகிறது. அங்கிருந்து அவளே திரும்பி வருகிறாள். கோரப்பல் இருந்தும் அந்தக் காதலை நாம் நம்புவது இதனால்தான்.

சிறுவயதில் அடிபட்டவன் என்ற முன்கதை வேண்டுமானால் வைக்கலாம். அவன் ஏன் இப்படி ஆனான் என்பதற்கு அது விளக்கம். செய்ததற்கு மன்னிப்பு ஆகாது.

அடுத்தது, வசனம் முழுவதையும் வேட்டைக்காரனுக்கே கொடுத்துவிடுவது. ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ரிச்சர்ட்சன் 1747-48இல் வெளியிட்ட 'கிளாரிஸா' கடிதங்களாலான நாவல். அதில் லவ்லேஸ் என்பவன் நாயகி கிளாரிஸாவுக்கு மயக்க மருந்து கொடுத்து வல்லுறவு செய்கிறான். ஆனால் அவன் கடிதங்களில் அத்தனை சாதுரியம், அத்தனை கவர்ச்சி! வாசகர்கள் மயங்கினார்கள்; இருவருக்கும் கல்யாணம் செய்துவைக்கச் சொல்லி ஆசிரியரிடம் மன்றாடினார்கள். இத்தனைக்கும் கிளாரிஸாவுக்கும் அதில் நிறையக் கடிதங்கள் உண்டு. ரிச்சர்ட்சன் இணங்கவில்லை. அவனை மணக்க மறுத்தே கிளாரிஸா இறக்கிறாள். பின்வந்த பதிப்புகளில் லவ்லேஸின் கொடுமை இன்னும் பளிச்செனத் தெரியும்படி ரிச்சர்ட்சன் திருத்தி எழுதினார்.