கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகிறீர்களா? முதலில் பெட்டியைக் கவனியுங்கள்

நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் பறப்பவை சின்ன விமானங்கள். பொதுவாக ஒருவருக்கு 15 கிலோதான், அதில் கேமராவும் கைப்பையும் அடக்கம். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள். சாமான் வைக்கும் இடம் குறுகல் என்பதால், அமுக்கினால் அமுங்கும் துணிப்பைதான் சரி. பெரிய பெட்டியை நைரோபியில் தங்கும் ஹோட்டலிலேயே விட்டுவிட்டுப் போகலாம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று செட் உடை போதும், பயணிகள் தங்கும் பெரும்பாலான முகாம்களில் துவைத்துத் தருவார்கள். ஆனால் உள்ளாடைகளைச் சில இடங்களில் வாங்க மாட்டார்கள், கொஞ்சம் சோப்புத்தூள் இருக்கட்டும். கருநீலமும் கறுப்பும் வேண்டாம். செட்சி ஈக்களுக்கு அந்த நிறங்கள் என்றால் அவ்வளவு இஷ்டம், மெல்லிய துணியையும் துளைத்துக் கடிக்கும். காக்கி, மங்கிய பழுப்பு நல்லது. ஆப்பிரிக்கா என்றாலே வெயில்தான் என்று நினைத்து ஸ்வெட்டரை விட்டுவிடாதீர்கள். மாரா 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது, விடியற்காலைத் திறந்த ஜீப்பில் பல் கிட்டும்.

அப்புறம், செருப்பைச் சுற்ற ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவர் எடுக்காதீர்கள். கென்யாவில் 2017 முதல் அதற்குத் தடை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுவிடுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டதற்குத் தரும் அட்டை இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால், வீட்டுக்குப் போவதற்குப் பதில் தனிமை முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள்.