ஓமோன் வில்லை வைப்பதற்கு முன்னும் பின்னும்

கொழும்பில் ‘இம்பிளான்ட்’ என்றதும் பல பெண்களுக்கு நினைவுக்கு வருவது, குடும்பத் திட்டத்துக்காகப் புயத்தில் வைக்கும் ஜடேல் குச்சிகள்தான். மாதவிடாய் நிற்கும் காலத்து உபாதைகளுக்கும் மாதவிடாய்க்கு முந்திய கடும் அவதிக்கும் வைக்கப்படும், ஈஸ்ட்ரடயோல் என்ற பெண் ஓமோன் அடங்கிய வில்லை வேறு. அதைக் கருத்தடையாக நம்பியிருக்கவும் கூடாது. குளிசை, ஜெல், தோலில் ஒட்டும் பட்டி ஆகியவை பயன் தராதபோதே இதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பட்டியை உரித்துவிடலாம்; உள்ளே வைத்த வில்லையை எளிதில் எடுக்க முடியாது.

முதலில் இரண்டு மாதங்களுக்கு நாள்தோறும் குறிப்பெழுதுங்கள். சுவர்க் கலண்டரே போதும். மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றும் இரவு 2 மணிக்குத் தலையணை நனைந்ததா, காரணமின்றிப் பிள்ளைகள்மீது எரிந்து விழுந்தீர்களா என்பதை அந்தந்தத் திகதியிலேயே எழுதிவிடுங்கள், ஏனெனில் வெக்கை மிகுந்த இந்த ஊரில் வியர்வையை யாரும் நோயாக எண்ணுவதில்லை. மாதவிடாய் இன்னும் வரும் பெண்களில், அதற்கு முந்திய இரு வாரங்களுக்குள் தொடங்கி, அது வந்ததும் தணிகின்ற அவதிக்கே, கருமுட்டை வெளியேறுவதைத் தடுக்கும் இச்சிகிச்சை பொருந்தும்.

அக்குறிப்புடனும், பெண்களின் உடல்நலப் பரிசோதனைக்கான சுவநாரி கிளினிக்கில் செய்த பரிசோதனை முடிவுகளுடனும் பெண்நோயியல் வைத்திய நிபுணரைச் சந்தியுங்கள். மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு, ஈரல் நோய், காரணம் தெரியாத இரத்தப்போக்கு ஆகியவற்றில் எது இருந்தாலும் மறைக்காதீர்கள்.

வில்லை வைப்பது சில நிமிட வேலை. அடிவயிற்றிலோ பிட்டத்திலோ விறைப்பூசி போட்டு, சிறு கீறலின் வழியே தோலுக்குக் கீழுள்ள கொழுப்பில் அதைச் செலுத்துவார்கள். பாவாடை நாடா அழுத்தாத இடத்தைத் தெரிவுசெய்யும்படி முன்கூட்டியே சொல்லுங்கள்; காயம் ஆறும்வரை பாரம் தூக்காதீர்கள்.

கருப்பை உள்ளவர்கள் வைத்தியர் சொல்லும் புரொஜெஸ்ட்ரோன் வகை மருந்தை ஒருபோதும் தவறவிடக் கூடாது. தவறினால் ஈஸ்ட்ரடயோலால் கருப்பையின் உட்சுவர் தடித்து, காலப்போக்கில் புற்றுநோய்வரை செல்லலாம்.

வில்லையின் பயன் ஏறத்தாழ 6 மாதம் நிற்கும். அதற்கு முன்பே வியர்வை திரும்பினால் உடனே அடுத்ததைக் கேட்காதீர்கள். இரத்தத்தில் ஈஸ்ட்ரடயோல் நிறைந்திருக்கும்போதே சிலருக்கு உபாதை திரும்புவதுண்டு. ஆகவே ஒவ்வொரு முறையும் இரத்தப் பரிசோதனை செய்த பின்னரே அடுத்த வில்லை. சிகிச்சையை நிறுத்திய பிறகும் ஈஸ்ட்ரடயோல் பல மாதங்கள், சிலரில் 2 ஆண்டுகள்வரை கூட, கசிந்துகொண்டிருக்கும் என்பதால், கருப்பை உள்ளவர்கள் வைத்தியர் போதும் என்று சொல்லும்வரை புரொஜெஸ்ட்ரோன் வகை மருந்தைத் தொடருங்கள்.