ஆண்டவருக்குத் "தெரியாது" என்று வரும் வசனங்களை எப்படி வாசிப்பது?

ஞாயிறு வகுப்பில் ஒரு சின்னப் பெண் என்னிடம் கேட்டாள், "இயேசுவுக்கு யாராவது பேசக் கற்றுக்கொடுத்தாங்களா?" நான் யோசிக்காமல் சொன்னேன், "அவர் கடவுள்மா, அவருக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்." அவள் விடவில்லை. "அப்போ அவர் குழந்தையா இருந்தது சும்மாவா?"

நான் சொன்ன பதில் தப்பு என்று அந்த இடத்திலேயே உறைத்தது. தேவன் எல்லாம் அறிந்தவர், மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எதையும் அறிகிறான், கிறிஸ்துவோ இரண்டுமாக இருக்கிறார் என்று அறிக்கையிடுகிறோம், ஆனால் வசனத்தில் அவர் கேள்வி கேட்கும் இடமோ "தெரியாது" என்று சொல்லும் இடமோ வந்தால் அவசர அவசரமாக அதை மூடிவிடுகிறோம். அப்படி மூடாமல் வாசிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாற்கு சுவிசேஷத்தை ஒரே மூச்சில் வாசியுங்கள், பதினாறே அதிகாரம்தான். கையில் இரண்டு நிறப் பேனா இருக்கட்டும். மனுஷனால் அறிய முடியாததை அவர் அறிகிற இடங்களை ஒரு நிறத்தில் குறியுங்கள்: வேதபாரகர் மனதுக்குள் நினைத்ததை அறிந்தது (2:8), கழுதைக்குட்டி எங்கே கட்டியிருக்கிறது என்று சொன்னது (11:2). அவர் கேட்கிற, தேடிப் பார்க்கிற, ஆச்சரியப்படுகிற இடங்களுக்கு மற்ற நிறம். "என் வஸ்திரங்களைத் தொட்டது யார்?" (5:30), "உங்களிடத்தில் எத்தனை அப்பங்கள் உண்டு?" (6:38), அத்திமரத்தில் ஏதாவது அகப்படுமா என்று போய்ப் பார்த்தது (11:13). இரண்டு நிறமும் எவ்வளவு நெருக்கமாகப் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் புரியும், நான் சொல்லிப் புரியாது.

இதில் 9:21-ல் மட்டும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வலிப்பில் துடிக்கிற பையன் தரையில் விழுந்து நுரை தள்ளிப் புரள்கிறான், கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது, இயேசு உடனே குணமாக்காமல் தகப்பனிடம் கேட்கிறார், "இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று?" "சிறுவயது முதற்கொண்டே" என்கிறான் தகப்பன், அப்புறம் அவனிடமிருந்து எல்லாம் கொட்டுகிறது, தீயிலும் தண்ணீரிலும் பையன் விழுந்த கதை எல்லாம். அந்தக் கேள்வியைச் சும்மா ஒப்புக்குக் கேட்ட கேள்வி என்று எடுத்துக்கொண்டால் அந்தத் தகப்பனுக்கு எவ்வளவு அநியாயம் செய்கிறோம் என்று யோசியுங்கள். அதற்காக எல்லாக் கேள்வியும் தெரியாமல் கேட்ட கேள்வி என்றும் சொல்ல வேண்டாம். அப்பம் எங்கே வாங்கலாம் என்று பிலிப்புவிடம் கேட்டது அவனைச் சோதிப்பதற்காகத்தான், தாம் செய்யப்போகிறதை அவர் அறிந்திருந்தார் என்று யோவான் 6:6 வெளிப்படையாகச் சொல்கிறது. அப்படி வசனமே சொல்லும் இடத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள், சொல்லாத இடத்தில் நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

சரி, இரண்டு நிறத்தையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது? 451-ம் ஆண்டு திருச்சபைத் தலைவர்கள் கல்சிதோனில் கூடிய சங்கம் கொடுத்த அளவுகோல் ஒன்று இருக்கிறது: ஒரே ஆள், தேவ சுபாவம் மனுஷ சுபாவம் என்று இரண்டு சுபாவங்கள், அவை கலக்காமலும் மாறாமலும் பிளவுபடாமலும் பிரியாமலும் இருக்கின்றன. இந்த நான்கு "ஆமலும்"களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒரு விளக்கம் உங்கள் வாயில் வரும்போது அது இந்த நான்கில் எதையாவது உடைக்கிறதா என்று பாருங்கள். "அவர் தெரியாத மாதிரி நடித்தார்" என்றால் மனுஷ சுபாவம் வெறும் வேஷமாகிவிடுகிறது. "தேவனாகிய இயேசுவுக்குத் தெரியும், மனுஷனாகிய இயேசு வேறு ஆள்" என்பதுபோல் பேசினால் ஒருவரை இரண்டாகப் பிளந்துவிட்டோம். வாசிக்கும்போது "யாருக்குத் தெரியும்?" என்று கேட்டால் பதில் எப்போதும் ஒரே ஆள்தான், "எந்தச் சுபாவத்தின்படி தெரியும்?" என்று கேட்டால்தான் வசனம் திறக்கும்.

நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவின் ஆயராக இருந்த அப்பொலினாரியு இதை வேறு மாதிரி தீர்க்கப் பார்த்தார், கிறிஸ்துவுக்கு மனுஷ சரீரம் உண்டு, ஆனால் மனுஷ புத்தியின் இடத்தில் தேவ வார்த்தையாகிய குமாரனே இருந்தார் என்றார். சிக்கல் தீர்ந்த மாதிரித்தான் இருக்கும். ஆனால் அதே காலத்து ஆயரான நாசியான்சுவின் கிரகோரியார் ஒரே போடாகப் போட்டார்: எதை அவர் எடுத்துக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை. நம்முடைய புத்தி குணமாக வேண்டுமானால் அவர் நம்முடைய புத்தியையும் எடுத்திருக்க வேண்டும், கற்றுக்கொள்கிற, கேட்டுத் தெரிந்துகொள்கிற புத்தியை. 381-ல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் அப்பொலினாரியுவின் போதனையைத் தள்ளியது. "இயேசுவானவர் ஞானத்திலும் வளர்த்தியிலும்" விருத்தியடைந்தார் என்று லூக்கா 2:52 சொல்வதை இந்த வெளிச்சத்தில் வாசித்தால் தயக்கமே வராது. உயரம் வளர்ந்தது நிஜம் என்றால் ஞானம் வளர்ந்ததும் நிஜம்.

இப்போது கடினமான வசனத்துக்கு வாருங்கள். மாற்கு 13:32: "அந்த நாளையும் அந்த நாழிகையையும் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான், பரலோகத்திலுள்ள தூதர்களும் அறியார்கள், குமாரனும் அறியார்." குமாரன் பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்று வாதாடிய ஆரியு கூட்டத்தார் இதைத்தான் கையில் எடுத்தார்கள். அவர்களை எதிர்த்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு கொடுத்த பதில், அவர் மனுஷனாக இதைச் சொல்கிறார், அறியாமை மனுஷ சுபாவத்துக்கு உரியது என்பது. அகுஸ்தீன் வேறு வழியில் போனார்: "அறியார்" என்றால் நமக்கு அறிவிக்க மாட்டார் என்று பொருள். 600-ம் ஆண்டு வாக்கில் ரோமின் போப்பாண்டவரான பெரிய கிரகோரியார் (முன்பு சொன்ன கிரகோரியார் அல்ல) அலெக்சாந்திரியாவின் ஆயர் யூலோகியுவுக்கு எழுதிய கடிதத்தில், மனுஷ சுபாவத்தில் அவர் அறிந்திருந்தார், ஆனால் மனுஷ சுபாவத்திலிருந்து அறியவில்லை என்று நுணுக்கமாகப் பிரித்தார். எனக்கு அத்தனாசியுதான் நேராகப் படுகிறது. ஏனென்றால் அதே வாக்கியத்தில் தூதர்களும் இருக்கிறார்கள், அவர்கள் அறியாதது நிஜமான அறியாமை என்றால் அடுத்த சொல்லுக்கு மட்டும் வேறு அர்த்தம் கொடுப்பது எனக்குச் சிரமமாக இருக்கிறது. அதோடு வரிசையையும் பாருங்கள், மனுஷர், தூதர், அப்புறம் குமாரன், அப்புறம் பிதா. தூதர்களுக்கு மேலேதான் அவரை வசனம் வைத்திருக்கிறது.

உங்களுக்கு வேறு பதில் சரியாகப் பட்டால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், மனதை மாற்றிக்கொள்ளவும் பயப்படாதீர்கள். கிறிஸ்து அனுபவத்தின் வழியாகவும் அறிவைச் சம்பாதித்தார் என்பதைத் பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினா முதலில் ஏற்கவில்லை, பிறகு முன்பு வேறு விதமாக எழுதியிருந்தேன் என்று தாமே சொல்லித் திருத்திக்கொண்டார்.

வகுப்பில் இதை நடத்தும்போது சுபாவம், சங்கம் என்று ஆரம்பிக்காதீர்கள், யோவான் 11-ல் ஆரம்பியுங்கள். லாசரு மரித்துப்போனான் என்று தூரத்திலிருந்தே அவருக்குத் தெரிகிறது. ஊருக்கு வந்து "அவனை எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்கிறார். இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறார், எழுப்பப் போகிறேன் என்று முன்பே சீஷரிடம் சொல்லியும் ஆயிற்று, ஆனாலும் அழுகிறார். பிள்ளைகளிடம் "ஏன் அழுதார்?" என்று மட்டும் கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள்.

அதற்கு அடுத்த வாரம் அதே பேனாக்களோடு மாற்கு 14. பந்தியில் ஒருவன் தம்மைக் காட்டிக்கொடுப்பான் என்று அறிந்திருக்கிறார், சேவல் இரண்டுதரம் கூவுமுன் பேதுரு மூன்றுதரம் மறுதலிப்பான் என்பதையும் அறிந்திருக்கிறார், அங்கிருந்து ஆறே வசனம் தள்ளித் தரையிலே விழுந்து "இந்தப் பாத்திரத்தை என்னிடத்திலிருந்து எடுத்துப்போடும்" என்று கெஞ்சுகிறார். அந்த ஜெபம் நிஜமான மனுஷ சித்தத்தின் ஜெபம் என்று சொன்னதை விட்டுக்கொடுக்காததால் ஏழாம் நூற்றாண்டில் மாக்சிமு என்ற துறவியின் நாக்கையும் வலது கையையும் வெட்டினார்கள். அவர் 662-ல் இறந்தார். 680-81-ல் கூடிய சங்கம் அவர் சொன்னதே சரி என்றது. அந்த ஜெபம் வருகிற 36-ம் வசனத்தை வகுப்பில் சத்தமாக வாசிக்கும்போது அவசரப்படாதீர்கள்.