கொலுசுப் பட்டறையின் வெள்ளிக் கணக்கை நோட்டிலிருந்து போனுக்கு மாற்றுவது எப்படி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு எழுதுவது நான்தான். மாமனார் காலத்து நீள நோட்டில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு இப்போது போனில் ஓடுகிறது. சிவதாபுரம், பனங்காடு பக்கமிருந்துகூட "எப்படிங்க்கா மாத்துனீங்க?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலம் பாருங்கள். சித்திரை ஒன்றாம் தேதி மஞ்சள் தடவிப் புதுக்கணக்குப் போடுவது நம் வழக்கம். ஆனால் அதை ஒட்டியே அட்சய திருதியை வியாபாரம் வந்துவிடும், உட்கார்ந்து பழக நேரம் இருக்காது. தீபாவளி ஆர்டர் நடக்கும்போது நினைக்கவே வேண்டாம். கோட்டை மாரியம்மன் பண்டிகை நடக்கும் ஆடி மாதம்தான் சரி. அப்போது ஆர்டர் மெதுவாக வரும், வேலையாட்களும் நின்று பேசுவார்கள்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். கூலி, கடைக்காரர் தர வேண்டிய பணம், ஆர்டர் விவரம் எல்லாம் நோட்டிலேயே இருக்கட்டும். முதலில் மாற்ற வேண்டியது ஒவ்வொரு வேலையாளிடமும் நிற்கும் வெள்ளிப் பாக்கி மட்டும், அதாவது வேலைக்கு நாம் கொடுத்து இன்னும் திரும்பி வராத வெள்ளி. சண்டை வருவது அங்கேதான். வெள்ளி கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்ட பிறகு ஒரு கிராம் குறைந்தாலே நூறு ரூபாய்க்கு மேல் போகிறது. "சுமாரா சரியா இருக்கு, விடுங்க" என்று முன்பு சொன்ன மாதிரி இப்போது யாராலும் சொல்ல முடிவதில்லை.

போனில் கூகுள் ஷீட்ஸ் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். ஆளுக்கு ஒரு தனிக் கோப்பு தொடங்குங்கள். ஒரே கோப்பில் ஆளுக்கொரு பக்கம் போடுவது சுலபமாகத் தெரியும். ஆனால் நாளைக்கு அதை ஒருவரோடு பகிர்ந்தால் மற்றவர் கணக்கும் அவர் கண்ணில் படும். அது நியாயமில்லை.

ஆறு பத்தி போதும்: தேதி, விவரம், எடை, டச், சுத்தம், பாக்கி. டச் என்றால் நூறு பங்கில் எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பது, சுத்தம் என்றால் அந்த எடையில் உள்ள சுத்த வெள்ளி எத்தனை கிராம் என்பது. நாம் கொடுக்கும் வெள்ளியை அப்படியே எழுதுங்கள். அவர் திருப்பித் தருவதற்கு எடையின் முன்னால் கழித்தல் குறி போடுங்கள். சுத்தம் கட்டத்தில் சமக்குறி போட்டு, எடைக் கட்டத்தைத் தொட்டு, பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி, பிறகு டச் கட்டத்தைத் தொட்டு, வகுத்தலுக்குச் சாய்கோடு, 100. பாக்கி கட்டத்தில் மேல் வரியின் பாக்கியோடு இந்த வரியின் சுத்தத்தைக் கூட்டச் சொல்லுங்கள். முதல் வரிக்கு மேலே பாக்கி இல்லாததால், அங்கே சுத்தம் மட்டும் வந்தால் போதும். ஒரு தடவை சரியாக வந்துவிட்டால் அந்தக் கட்டங்களை நகலெடுத்துக் கீழே ஒட்டிக்கொண்டே போகலாம்.

ஒரு பேச்சுக்குப் பாருங்கள். 500 கிராம், 80 டச் வெள்ளி கொடுக்கிறோம், சுத்தம் 400 கிராம். இணைப்புக்கான உலோகப் பொடி வைத்துப் பற்றவைத்த பிறகு எடை ஏறி, டச் இறங்கி, 505 கிராம் 78 டச்சில் திரும்பி வருகிறது என்றால் அதன் சுத்தம் 393.9 கிராம். பாக்கி 6.1. வேலையில் வீணாவதற்கான சேதாரம், வந்த சரக்கில் கிலோவுக்கு 10 கிராம் சுத்தம் என்று பேசியிருந்தால் 5.05 கழியும். அதை டச் 100 என்று வைத்து, கழித்தல் குறியோடு தனி வரியாகவே எழுதுங்கள். மீதி 1.05 கிராம். மொத்த எடையை மட்டும் பார்த்தால் அவர் ஐந்து கிராம் அதிகமாகத் தந்த மாதிரி இருக்கும். சுத்தத்தில் பார்த்தால்தான் உண்மை தெரியும். நோட்டில் இந்தக் கணக்கை ராத்திரி உட்கார்ந்து போடுவோம். போனில் எடை எழுதின உடனே, ஆள் எதிரில் நிற்கும்போதே வந்துவிடுகிறது.

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் உள்ளே போடும் எடையும் டச்சும் சரியாக இருக்க வேண்டும். மின் தராசுக்கு வருடா வருடம் முத்திரை வாங்கிவிடுங்கள். எடை போடும்போது தராசின் எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து, அங்கேயே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். டச் பார்த்த சீட்டையும் அதேபோல அனுப்புங்கள். டச் பார்க்க உரைகல்லை விட்டு மெஷினுக்கு வந்தது நல்லதுதான், ஆனால் அந்த மெஷின் மேற்பரப்பைத்தான் படிக்கிறது. பாலீஷ் போட்ட, மேலே பூச்சு ஏறிய சரக்கை வைத்தால் டச் தவறாகக் காட்டும். சந்தேகம் வந்தால் கொஞ்சம் வெட்டி உருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

விவரம் பத்தியைத் தமிழில் தட்டச்சு செய்யச் சிரமமாக இருந்தால் விசைப்பலகையில் மைக்கைத் தொட்டுப் பேசுங்கள், அதுவே எழுதிக்கொள்ளும். எடையை மட்டும் கையால் அடியுங்கள். பட்டறைச் சத்தத்தில் புள்ளி இடம் மாறினால் கணக்கே மாறிவிடும். நெட் கிடைக்காத நாளுக்காக ஒவ்வொரு கோப்பையும் ஆஃப்லைனில் கிடைக்கும்படி முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். எங்களிடம் வெகுநாளாக வேலை செய்யும் ஒரு அண்ணன், "நோட்டுன்னா உங்க கையெழுத்து இருக்கு. போனை நான் எப்படி நம்புறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நோட்டு எப்போதும் முதலாளி வீட்டுப் பீரோவில்தான் இருந்தது. தன் பாக்கி எவ்வளவு என்று தெரிய அவர் நம் வாயைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அவருடைய கோப்பை அவர் ஜிமெயிலுக்குப் பகிர்ந்து, 'பார்வையாளர்' என்று மட்டும் தேர்ந்தெடுத்தால், அவரால் எதையும் மாற்ற முடியாது, ஆனால் எந்நேரமும் பார்க்கலாம். நாம் ஏதாவது திருத்தினாலும், கணினியில் திறந்தால் பழைய பதிப்பு இருக்கும். யார், எப்போது மாற்றியது என்று காட்டிவிடலாம். நேரம் மிச்சமாகிறது என்பதற்காக மட்டும் நான் இதை எல்லோரிடமும் சொல்லவில்லை. உழைக்கிறவர் தன் கணக்கைத் தானே பார்க்க முடிகிறது, அதற்காகத்தான் சொல்கிறேன்.

முதல் கணக்கு முடிக்கும் வரை நோட்டையும் விடாதீர்கள். இரண்டிலும் எழுதுவது கூடுதல் வேலைதான், பரவாயில்லை. கணக்கு முடிக்கும் நாளில் இரண்டையும் திறந்து வைத்து, வரி வரியாக அவரையே படிக்கச் சொல்லுங்கள். ஒத்துவந்ததும் நோட்டில் கோடு போட்டு, பாக்கியை எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அந்தப் பாக்கிதான் இனி போன் கணக்கின் முதல் வரி.

பட்டன் போன் வைத்திருப்பவர்களை விட்டுவிட வேண்டாம். சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது அவர்கள் பாக்கியை ஒரு சீட்டில் எழுதி, தேதி போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள்.