வேலூர்ச் சுற்றுலா: மாற்றுத்திறனாளிகளுடன் பயணம் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிகிச்சைக்காக வேலூருக்கு வருவோர், மருத்துவர் அடுத்துப் பார்க்கச் சொன்ன நாள் வரும்வரை கிடைக்கும் ஓய்வில் கோட்டையையும் ஸ்ரீபுரம் பொற்கோயிலையும் பார்த்துவர விரும்புவது இயல்பு. சக்கர நாற்காலி இந்த ஊருக்குப் புதிதன்று. விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட பின்னும் நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால், 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் அமைந்த ஊர் இது. ஆயினும், பயண ஏற்பாட்டில் சில தவறுகள் தொடர்ந்து நடக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது, தங்கும் விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்து, "மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி இருக்கிறதா?" என்று பொதுப்படையாகக் கேட்பது. "இருக்குங்க, வாங்க" என்ற பதிலை நம்பி வந்து இறங்கினால், லிஃப்ட்டுக்கு முன்னால் மூன்று படிகள் இருக்கும். அல்லது குளியலறைக் கதவுக்குள் நாற்காலி நுழையாது. வாசலில் எத்தனை படிகள், கதவின் அகலம் எத்தனை அங்குலம், கழிப்பறையில் கைப்பிடி உண்டா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். கதவின் குறுக்கே அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது. சாய்தளம் இருப்பதாகச் சொன்னால் அதன் நீளத்தையும் கேளுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது ஏற்கப்பட்ட கணக்கு. அதன்படி அரையடி உயரப் படிகள் மூன்றுக்குப் பதினெட்டு அடி தேவை. படிமேல் சாய்த்த பலகையைச் சாய்தளமாக எண்ணி ஏற்றினால் நாற்காலி பின்பக்கம் கவிழக்கூடும்.

இரண்டாவது தவறு, வெயிலைக் கணக்கில் கொள்ளாதது. மே மாத வேலூரில் நடுப்பகல் கருங்கல் தரை எப்படிச் சுடும் என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். நீரிழிவாலோ தொழுநோயாலோ பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு அந்தச் சூடு உறைக்காது. கொப்புளம் இரவில்தான் கண்ணில் படும். கோயிலில் செருப்பைக் கழற்றியே ஆக வேண்டும் என்பதால், காலை வேளையைத் தேர்ந்தெடுத்து, தடித்த காலுறைக்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொண்டு, திரும்பியதும் உள்ளங்காலைப் பார்த்துவிட வேண்டும். வழியில் கழிப்பறை கிடைக்காது என்று அஞ்சித் தண்ணீரைக் குறைப்பதும் இதே அளவு தீங்கானது. தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடலாம். பயன்படுத்தத்தக்க கழிப்பறை எங்கே என்று முதலில் உறுதி செய்து, அதைச் சுற்றியே வழித்தடத்தை வகுப்பதுதான் முறை.

தூரத்தையும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஸ்ரீபுரத்தின் நட்சத்திர வடிவப் பாதை ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீள்வது. ஊன்றுகோலுடன் நடப்பவர் பாதி வழியில் சோர்ந்தால் திரும்புவதும் எளிதன்று. ஆகவே சக்கர நாற்காலி கிடைக்குமா, குறுக்குவழி உண்டா என்பதை நுழைவாயிலிலேயே கேட்டுவிட வேண்டும்.

"நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போய்விடலாம்" என்ற எண்ணம் அன்பில் பிறப்பதுதான். எனினும் குறுகிய படிக்கட்டில் ஒருவர் கால் இடறினாலும் நால்வரும் சரிவார்கள். தூக்கப்படுவதை அந்த மாற்றுத்திறனாளி விரும்புகிறாரா என்று யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது. நரசிம்மர் கோயில் உள்ள சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படிகள். 2024-இல் ரோப் கார் வந்த பிறகு அங்கே தூக்கிச் செல்லும் தேவை பெரிதும் குறைந்திருக்கிறது. ஆனாலும் கீழும் மேலும் நிலையத்தை ஒட்டி ஏற வேண்டிய படிகள் எத்தனை, பெட்டியில் ஏறும்போது உதவிக்கு ஆள் இருப்பாரா, பராமரிப்புக்காக நிறுத்தும் நாள் எது என்று கேட்காமல் கிளம்பக் கூடாது.

பார்வையற்றவரை அழைத்துச் செல்வோர் அவர் கையைப் பிடித்து இழுப்பதும் தவறு; அவர் உங்கள் முழங்கைக்கு மேலே பற்றிக்கொள்ள, நீங்கள் ஓர் எட்டு முன்னால் நடக்க வேண்டும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்துத் தூண்களைத் தொட்டுப் பார்க்க இயலுமா என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். இயலாவிட்டால், யாளியின் வாயும் குதிரையின் தூக்கிய முன்னங்கால்களும் எப்படிச் செதுக்கப்பட்டுள்ளன என்று நின்று, நிதானமாக விவரித்துச் சொல்லுங்கள்.