ஆங்கில வகுப்பில் ‘ஃபிகர் ஆஃப் ஸ்பீச்’: தமிழில் படித்த அணியை வைத்தே பிடிக்கலாம்

மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். “பேரெல்லாம் மனப்பாடம் சார், பாட்டைப் பார்த்தாதான் எது எதுன்னு தெரியல” என்று வருடா வருடம் யாராவது சொல்லிவிடுவார்கள். அவர்களுக்குச் சொல்லும் வழி இது.

படி 1: நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் உவமை, உருவகம், மோனை, உயர்வு நவிற்சி. வலப்பக்கம் சிமிலி, மெட்டஃபர், அலிட்டரேஷன், ஹைபர்பொலி. பாதிப் பாடம் ஏற்கெனவே தெரிந்ததுதான். (ஹைபர்பொலி, ஹைபர்போல் அல்ல. நானே கல்லூரி வரை தப்பாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.) உயிரில்லாததை ஆள் மாதிரி நடக்கவும் பேசவும் வைத்தால் பர்சானிஃபிகேஷன். அதற்கு நேரே தற்குறிப்பேற்ற அணி என்று எழுதிவிடாதீர்கள். இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் தாமே ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்வது அது.

படி 2: சிமிலியையும் மெட்டஃபரையும் பிரியுங்கள். அதிகம் வழுக்கும் இடம் இதுதான், அதற்குக் காரணம் நம் தமிழ் இலக்கணம். ‘மலர்முகம்’ என்றால் மலர் போன்ற முகம். ‘போன்ற’ மறைந்திருந்தாலும் அது உவமைத்தொகைதான். திருப்பி ‘முகமலர்’ என்றால்தான் உருவகம். ஆங்கிலத்தில் இந்தச் சலுகை கிடையாது. ‘லைக்’, ‘ஆஸ்’ போன்ற ஒப்புமைச் சொல் வெளியே தெரிந்தால் சிமிலி, அதை எடுத்துவிட்டு இதுதான் அது என்று சொன்னால் மெட்டஃபர். அதற்காக ‘லைக்’ வந்த இடமெல்லாம் சிமிலி என்று அடித்துவிடவும் கூடாது. ‘ஐ லைக் மேங்கோஸ்’ என்பதில் ஒப்புமையே இல்லை. ‘அவள் அம்மா மாதிரியே இருக்கிறாள்’ என்பது வெறும் உண்மை. இரண்டு பொருளும் வேறு வேறு இனமாக இருக்க வேண்டும்: வீரன், சிங்கம்.

படி 3: அலிட்டரேஷனுக்குக் கண்ணை மூடிக் காதால் கேளுங்கள். ‘சிட்டி’ (நகரம்), ‘கேட்’ (பூனை) இரண்டும் ஆங்கிலத்தில் ‘C’ என்ற ஒரே எழுத்தில் தொடங்கினாலும் ஓசை வேறு, அதனால் சேராது. ‘ஃபோன்’, ‘ஃபிஷ்’ எழுத்தில் வேறு, ஓசையில் சேரும்.

படி 4: ஒரு நிஜமான வாக்கியத்தில் சோதித்துப் பாருங்கள். 1947 ஆகஸ்ட் 14 இரவு, அரசியல் நிர்ணய சபையில் நேரு ஆங்கிலத்தில் பேசினார். நள்ளிரவு மணி அடிக்கும் வேளையில், உலகம் உறங்கும்போது, இந்தியா வாழ்வுக்கும் விடுதலைக்கும் விழித்தெழும் என்றார். நாடு எப்படி விழிக்கும்? பர்சானிஃபிகேஷன். உலகம் உறங்கியதா? டெல்லியில் நள்ளிரவு என்றால் நியூயார்க்கில் அப்போது பிற்பகல் இரண்டரை மணி! ஹைபர்பொலி என்று எழுதலாம். ஆனால் உலகம் தூங்கினால்தானே நாம் மட்டும் விழிப்பது கண்ணுக்குத் தெரியும்? இந்த எதிரெதிர் வைப்புக்குக் கான்ட்ராஸ்ட் என்று பெயர்.

படி 5: பிறரை இணங்க வைக்கும் உத்திகளுக்கு வாருங்கள். அரிஸ்டாட்டில் பிரித்த மூன்றுதான் அடிப்படை: ஈதோஸ், பேதோஸ், லோகோஸ். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், டிவியில் ஒரு பற்பசை விளம்பரம் போதும். வெள்ளைக் கோட்டு போட்டவர் வந்து சொன்னால் ஈதோஸ், அவரை நம்புகிறோம். குழந்தை பல்வலியில் அழ, அம்மா கலங்கினால் பேதோஸ், நம் மனம் இளகுகிறது. பத்தில் ஒன்பது பேர் என்று கணக்குக் காட்டினால் லோகோஸ், நம் அறிவு ஒப்புக்கொள்கிறது. அந்தக் கணக்கு சரியா என்பது வேறு கேள்வி, அதையும் கேட்டுப் பழகுங்கள். கூடவே ரெபடிஷன். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங், ‘எனக்கொரு கனவு உண்டு’ என்ற ஒரே தொடரால் அடுத்தடுத்த வாக்கியங்களைத் தொடங்கினார். வாக்கியத் தொடக்கத்தில் வரும் ரெபடிஷனை அனஃபோரா என்பார்கள்.

படி 6: விடை எழுதும்போது உத்தியின் பெயர், அது வரும் சொற்கள், கேட்பவரை அது என்ன செய்கிறது என்று மூன்றையும் எழுதுங்கள். மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். “இங்கே பர்சானிஃபிகேஷன் உள்ளது” என்று நிறுத்தினால், குழம்பில் புளி இருக்கிறது என்று சொன்ன மாதிரி. “நாட்டை ஆளாகக் காட்டியதால், சட்டப்படி நடந்த ஆட்சி மாற்றம் தூக்கம் கலைந்து எழுவது போல நெருக்கமாகிறது” என்று இன்னொரு வரி சேருங்கள்.

சரி, இன்று இரவு டிவியில் வரும் முதல் விளம்பரத்தை எடுத்து இந்த மூன்று வரியையும் எழுதிப் பாருங்கள். பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை.