அஸ்பால்டீன் அளவு மாறிக்கொண்டே இருந்தபோது

கனரக எண்ணெய் ஒன்றை நிறைவுறு சேர்மங்கள், அரோமாட்டிக்குகள், ரெசின்கள், அஸ்பால்டீன்கள் என நான்காகப் பிரித்துக்கொண்டிருந்தேன். இவற்றில் அஸ்பால்டீன் என்பது ஹெப்டேன் என்ற கரைப்பானில் கரையாமல் படிந்துவிடும் கனமான பகுதி. ஒரே மாதிரியை மூன்று முறை செய்தும் அஸ்பால்டீன் அளவு மூன்று விதமாக வந்தது. முதலில் தராசைச் சந்தேகித்தேன். அதில் பிழை இல்லை.

வடிதாளில் தங்கிய படிவைக் கூர்ந்து பார்த்தபோதுதான் பிடிபட்டது. நன்கு கழுவிய அஸ்பால்டீன் உலர்ந்து, பொடியாக உதிர வேண்டும். என்னுடையதோ விரலில் ஒட்டியது. ஹெப்டேன் ஊற்றியதும் அஸ்பால்டீன் படியும்போது ரெசினும் மெழுகும் கூடவே சிக்கிக்கொள்ளும். நான் குளிர்ந்த ஹெப்டேனால் மேலோட்டமாக அலசிவிட்டு நிறுத்தியிருந்தேன், அதுவும் ஒவ்வொரு முறை ஒவ்வொரு அளவில்.

அடுத்த முறை கிராமுக்கு 30 மில்லி ஹெப்டேன் சேர்த்து, ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்பும்படி (ரீஃப்ளக்ஸ்) ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, இருட்டில் ஆறவைத்து வடிகட்டினேன். பிறகு வடிதாளோடு சேர்த்து, சொட்டும் கரைப்பான் நிறமற்றுப் போகும்வரை சூடான ஹெப்டேனால் கழுவினேன். இதில் பொறுமைதான் முக்கியம், கடிகாரத்தை நம்பக் கூடாது. கடைசியில் அஸ்பால்டீனை டொலுயின் என்ற கரைப்பானில் கரைத்து, ஆவியாக்கி, நிறை மாறாத வரை உலர்த்தி எடை போட்டேன்.

மூன்று எடைகளும் நெருங்கி வந்தன. கழுவிய ஹெப்டேனைக் கொட்டிவிடாதீர்கள். அஸ்பால்டீனோடு சிக்கியிருந்த ரெசின் அதில்தான் இருக்கிறது.